யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள்?

2021 நவம்பர் 24 அன்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் அகில இந்திய முடிவுகளை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குறியீடுகள் அதில் இருந்தன. குழந்தைகளின் உயரம், தாய்ப்பால், தடுப்பூசி, வங்கிக் கணக்கு, கழிப்பறை என்று குடும்ப வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களும் எண்களாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் நாடே பேசிய எண் ஒன்று: 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள். இந்தியாவில் முதன்முறையாகப் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை முந்திவிட்டது என்று தலைப்புகள் வந்தன. பெண் குழந்தை வேண்டாம் என்ற மனநிலை மாறத் தொடங்கிவிட்டதற்கு இதுவே சான்று என்று பலரும் மகிழ்ந்தார்கள்.

அந்தப் பட்டியலில் அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொரு எண் இருந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 929 பேர். இயற்கையாக விட்டால் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கும். அதாவது 1,000 ஆண்களுக்கு 950 பெண்கள். 929 என்பது அதைவிடக் குறைவு. கருவிலேயே பெண்ணை அழிக்கும் வழக்கம் ஒழியவில்லை என்பதுதான் அந்த எண் சொல்லும் செய்தி.

இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் வந்தவை. இரண்டுமே பொய்யில்லை. ஆனால், முதல் எண்ணிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஓர் ஆய்வு எண் என்பது குறிப்பிட்ட சிலரிடம், குறிப்பிட்ட காலத்தில் கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். அந்தக் கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்து ஆளும்போது நல்ல ஆய்வும் தவறான முடிவுக்குத் துணைபோகிறது. நலத்திட்டங்களும் நிதி ஒதுக்கீடும் மாநிலங்களின் தரவரிசையும் இந்த எண்களை நம்பி நடக்கும் நாட்டில் அது சிறிய பிழை அல்ல.

நேற்றிரவு இங்கே தூங்கியவர்கள்

1,020 எப்படி வந்தது? களப்பணியாளர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நிரப்புவது குடும்பப் பட்டியல். வழக்கமாக அங்கே வசிப்பவர்களும், முந்தைய இரவு விருந்தாளியாகத் தங்கியவர்களும் அதில் வருவார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, ‘நேற்றிரவு இவர் இங்கே தூங்கினாரா?’ என்பது. ஆம் என்ற பதில் பெற்றவர்களை வைத்தே பாலின விகிதம் கணக்கிடப்படுகிறது.

நேற்றிரவு வீட்டில் இல்லாத ஆண் எங்கே இருப்பார்? கட்டிட வேலை நடக்கும் இடத்தில், லாரியில், ராணுவ முகாமில், மாணவர் விடுதியில், வளைகுடா நாட்டில். முகாம்கள், விடுதிகள், சிறைகள் போன்றவை இந்த ஆய்வின் மாதிரிக்குள் வருவதில்லை. அது குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வேலைக்காக வீட்டை விட்டு வெளியே இரவு தங்குவோரில் ஆண்களே மிகுதி. ஆகவே வீட்டுக்குள் எண்ணினால் பெண்கள் கூடுதலாகத்தான் தெரிவார்கள்.

பீகாரைப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 1,000 ஆண்களுக்கு 918 பெண்கள். ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் 1,090. பத்தே ஆண்டுகளில் எந்தச் சமூகமும் இப்படி மாறாது. பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவர் வீட்டில் நேற்றிரவு அவர் தூங்கவில்லை. எனவே அங்கே கணக்கில் இல்லை. திருப்பூரில் அவர் தூங்கிய விடுதி ஒரு ‘குடும்பம்’ அல்ல. எனவே இங்கேயும் கணக்கில் இல்லை. நாட்டின் இரு முனைகளிலும் விடுபட்டுப் போகும் இப்படிப்பட்டவர்களும் சேர்ந்துதான் 1,020 என்ற எண்ணை உருவாக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்பில் 996. ஐந்தாவது ஆய்வில் 1,088. நாட்டளவில் ‘முதன்முறை’ என்று சொல்லப்பட்டதும் அவ்வளவு உறுதியானதல்ல. 2005-06இல் நடந்த மூன்றாவது ஆய்விலேயே இந்த விகிதம் 1,000 ஆக இருந்தது. 2015-16இல் 991 ஆக இறங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பெண்ணின் மதிப்புக்கு அளவுகோலாக வைக்க முடியாது. நாட்டில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தெரிய வேண்டுமென்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் பார்க்க வேண்டும். குடும்ப நல ஆய்வு அந்தக் கேள்விக்காக நடத்தப்படுவதே அல்ல.

ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது?

இந்த ஆய்வு 1992-93இல் தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. முதல் ஆய்வில் ஏறத்தாழ 88,500 குடும்பங்கள்; 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் 6.37 லட்சம் குடும்பங்கள். 7.24 லட்சம் பெண்களும் 1.02 லட்சம் ஆண்களும் பதில் சொன்னார்கள். 707 மாவட்டங்களுக்குத் தனித்தனியாக விவரம் வந்தது. உலகிலேயே இவ்வளவு பெரிய குடும்ப ஆய்வுகள் ஒருசிலவே இருக்கும்.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. முதலில் கிராமங்களும் நகரப் பகுதிகளும் மக்கள்தொகைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தேர்வான பகுதியில் ஒரு குழு தெருத்தெருவாக நடந்து எல்லா வீடுகளையும் பட்டியல் போட்டு வரைபடம் வரைகிறது. அந்தப் பட்டியலிலிருந்து 22 குடும்பங்கள் குறிக்கப்படுகின்றன. குறிக்கப்பட்ட வீடு பூட்டியிருந்தால் மீண்டும் மீண்டும் போக வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது என்று அங்கே போய்விடக் கூடாது. வசதியான வீடுகளை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் ஆய்வு முழுவதும் சாய்ந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

இதில் பொதுவாகக் கவனிக்கப்படாத நுட்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாவது ஆய்வில் ஏறத்தாழ 27,900 குடும்பங்கள் கலந்துகொண்டன. 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 870 குடும்பங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள்தொகை 7.35 லட்சம், சென்னையின் மக்கள்தொகை 46.5 லட்சம். இரண்டு இடங்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வீடுகளைக் கேட்டிருந்தால், சென்னையில் பதில் சொன்ன ஒரு குடும்பம் நீலகிரிக் குடும்பத்தைப் போல ஆறு மடங்கு பேருக்காகப் பேசுகிறது. மாநில சராசரி போடும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். அந்த மதிப்பு தரவுக் கோப்பிலேயே தனி நிரலாக இருக்கிறது. கோப்பைப் பதிவிறக்கி நேரடியாகக் கூட்டி வகுப்பவர்களுக்குக் கிடைக்கும் சராசரி தமிழ்நாட்டின் சராசரி ஆகாது. சிறிய மாவட்டங்களின் குரலைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கலவைதான் கிடைக்கும்.

878: அஞ்சலாமா, கூடாதா?

தமிழ்நாட்டுக்கு இந்த ஆய்வு தந்த மிகக் கவலையான எண் பிறப்புப் பாலின விகிதம். 2015-16இல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 954 பெண் குழந்தைகள். 2019-21இல் 878. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று பெண் சிசுக்கொலையின் வடுக்களைச் சுமக்கும் மாநிலம் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம். 878 என்ற எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பதறுவதில் வியப்பில்லை. பதறுவதோடு நில்லாமல் அந்த எண்ணை நெருங்கிப் பார்க்கவும் வேண்டும். ஏனென்றால், ஆய்வு எண்ணை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மாதிரியில் அகப்படும் குழந்தைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு மாதிரியில் அந்த ஐந்தாண்டுகளில் 7,000 பிறப்புகள் பதிவாகியிருந்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அப்போது 878 என்பதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 840க்கும் 920க்கும் இடையே எங்காவது இருக்கும் என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, 878 என்ற எண்ணை மந்திரம்போல் ஓத வேண்டியதில்லை. இரண்டு, 920 என்று வைத்துக்கொண்டாலும் அது 950க்குக் கீழேதான். ஆகவே, ‘மாதிரிப் பிழை’ என்று சொல்லி மாநில அரசு இதை ஒதுக்கிவிட முடியாது. தவறின் எல்லையைத் தெரிந்துகொண்டால் பீதியும் குறைகிறது, சாக்குப்போக்கும் அடிபடுகிறது.

மாவட்டத்துக்கு இறங்கினால் நிலைமை தலைகீழ். 7,000 பிறப்புகளை 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 220 பிறப்புகள் வரும். 220 பிறப்புகளை வைத்து 878 என்று ஒரு விகிதம் கிடைத்தால், அதன் உண்மை மதிப்பு 670 முதல் 1,140 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பெண் குழந்தைகளுக்கு ஆபத்தான மாவட்டம், எல்லாம் நலமாக இருக்கும் மாவட்டம் இரண்டுமே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஆயினும் மாவட்டச் சுருக்க அறிக்கைகளில் இந்த விகிதமும் மற்ற எண்களோடு ஒரே வரிசையில் அச்சாகிறது. எந்த மாவட்டம் கடைசி, எந்த மாவட்டம் முதல் என்று பட்டியல் போடுகிறார்கள். கடைசியில் வந்த மாவட்டத்தின் அதிகாரிகள் பதில் சொல்ல நிறுத்தப்படுகிறார்கள். அடுத்த ஆய்வில் அதே மாவட்டம் யாரும் எதுவும் செய்யாமலே மேலே வந்துவிடவும் கூடும்.

இதற்குச் சரியான கருவி வேறு கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்று இதே ஆய்வு சொல்கிறது. அப்படியானால் ஏறத்தாழ ஒவ்வொரு பிறப்பும் ஏதோ ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுகிறது. மாவட்டவாரியாக, வட்டாரவாரியாகப் பாலின விகிதத்தைக் கண்காணிக்க அந்தப் பிறப்புப் பதிவுகளே போதும். ஆய்வு அபாய மணியை அடிக்கும். எந்த ஊரில், எந்த ஸ்கேன் மையத்தின் சுற்றுவட்டாரத்தில் பெண் குழந்தைகள் குறைகிறார்கள் என்பதைப் பதிவேடுதான் சொல்லும்.

அறிக்கைகளே இதற்கான எச்சரிக்கையை அச்சிட்டுத்தான் தருகின்றன. 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண் அடைப்புக்குறிக்குள் வரும். 25 பேருக்கும் குறைவென்றால் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி வரும். செய்தியாகும்போது அடைப்புக்குறி உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது.

1.8 சரியா, 1.4 சரியா?

தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை ஐந்தாவது குடும்ப நல ஆய்வின்படி 1.8. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி 1.4. இரண்டுமே மத்திய அரசின் எண்கள். தொகுதி மறுவரையறை பற்றியும் முதுமையடையும் சமூகம் பற்றியும் சூடாக விவாதம் நடக்கும் மாநிலத்தில், தனக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை என்ற நிலை இது.

இரண்டும் வெவ்வேறு வேலைகள். குடும்ப நல ஆய்வு பெண்களிடம் அவர்களுடைய குழந்தைகள் பற்றிக் கேட்டு, ஆய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைத் தருகிறது. தமிழ்நாட்டில் களப்பணி 2020 ஜனவரியில் தொடங்கி, மார்ச்சில் ஊரடங்கால் நின்று, அந்த ஆண்டின் கடைசியில் மீண்டும் தொடங்கி, 2021 மார்ச்சில் முடிந்தது. மாதிரிப் பதிவு முறையில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஒருவர் ஆண்டு முழுக்கப் பிறப்பு, இறப்புகளைக் குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக வந்து விசாரிப்பார். இருவரின் பட்டியலையும் ஒப்பிட்டு விடுபட்டவை சேர்க்கப்படும். ஆண்டுக்காண்டு பிறப்பு விகிதம் எப்படி நகர்கிறது என்று பார்க்க இந்த முறையே பொருத்தம். படித்த பெண்கள், படிக்காத பெண்கள், ஏழை, பணக்காரர், கருத்தடை, திருமண வயது என்று காரணங்களைத் தேடிப் போகக் குடும்ப நல ஆய்வுதான் வழி.

நான்காவது ஆய்வில் 1.7 ஆக இருந்தது ஐந்தாவதில் 1.8 ஆனதை வைத்து, தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் உயரத் தொடங்கிவிட்டது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவு சிறிய வித்தியாசத்தில் போக்கைக் கணிக்க முடியாது. இரண்டு அமைப்புகளும் ஒருமித்துச் சொல்வது ஒன்றே: தமிழ்நாடு 2.1 என்ற ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. விவாதத்தை அந்த உறுதியான உண்மையின் மேல் நடத்துவதே நல்லது.

இதற்கு மாறாக, சில வித்தியாசங்களுக்கு நுணுக்கமான கணக்கே தேவையில்லை. தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 34.1 சதவீதத்திலிருந்து 44.9 சதவீதமாக உயர்ந்தன. அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015இலேயே சொல்லிவிட்டது. இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த மாதிரிப் பிழையாலும் விளக்க முடியாது. 1.7க்கும் 1.8க்கும் செலவிடும் விவாத நேரத்தில் பாதியை இந்த எண்ணுக்குச் செலவிட்டிருந்தால் ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குப் பயன் கிடைத்திருக்கும்.

ஒரு சொட்டு ரத்தம்

கேள்வி கேட்பதோடு ஆய்வு நின்றுவிடுவதில்லை. களப்பணியாளர்கள் எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி, முதலில் வரும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் சொட்டை எடுத்துக் கையடக்கக் கருவியில் வைத்து ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கிறார்கள். அப்படி அளந்தபோது இந்தியக் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 58.6 சதவீதத்திலிருந்து 67.1 சதவீதமாகவும், பெண்களில் 53.1 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகவும் கூடியிருந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் செறிவூட்டிய அரிசியும் கொடுக்கும் நாட்டில் இது பேரதிர்ச்சி.

ஆனால், 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் ரத்தசோகை ஏறத்தாழ 41 சதவீதம்தான் என்றது. அந்த ஆய்வில் ரத்தம் எடுத்தது விரலில் அல்ல, நரம்பில், சோதித்தது ஆய்வகத்தில். விரலை அழுத்தினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியலாம். இந்த ஐயம் வலுத்ததால் ஆறாவது குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைச் சோதனை விலக்கப்பட்டு, நரம்பு ரத்தத்தைச் சோதிக்கும் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது.

அளவை முறையைத் திருத்துவது சரியே. ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. புதிய முறையில் எண் குறைந்து வந்தால், அது ரத்தசோகை குறைந்ததாலா, அளந்த விதம் மாறியதாலா என்று பிரித்தறிய முடியாது. ஒரு சுற்றிலாவது பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே ஆட்களிடம் சேர்த்து நடத்தி, இரண்டுக்கும் இடையிலான உறவை வெளியிட வேண்டும். அதைச் செய்யாமல் ‘ரத்தசோகை பாதியாகக் குறைந்தது’ என்று நாளை யாராவது அறிவித்தால் ஏற்க முடியாது.

அரசுப் பதிவேட்டு எண்ணும் ஆய்வு எண்ணும் முட்டிக்கொள்வதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. 2023இல் உலகப் பட்டினிக் குறியீட்டில் இந்தியக் குழந்தைகளில் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 18.7 சதவீதம் என்று வந்தபோது, தங்கள் போஷன் டிராக்கர் செயலியில் அது 7.2 சதவீதத்துக்கும் கீழேதான் என்று மத்திய அரசு மறுத்தது. ஐந்தாவது குடும்ப நல ஆய்வில் அது 19.3 சதவீதம். செயலியில் இருப்பது அங்கன்வாடியில் பதிவாகி, அங்கே கொண்டுவரப்பட்டு, எடை போடப்பட்ட குழந்தைகள். ஆய்வு தேடிப்போனது அங்கன்வாடிப் பக்கமே வராத குழந்தைகளையும் சேர்த்து. மிக மோசமாக வாடியிருக்கும் குழந்தை எந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை யோசித்தால், எந்த எண்ணை நாட்டின் நிலைமையாகக் கொள்வது என்பதில் குழப்பம் வராது.

பட்டியலுக்கு வெளியே

சில உண்மைகளை ஆய்வு மட்டுமே வெளியே கொண்டுவரும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக ஐந்தாவது ஆய்வில் சொன்னார்கள். இந்திய சராசரி 29.3 சதவீதம். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தாக்கப்பட்ட பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாட்டளவில் 14 சதவீதம் மட்டுமே. காவல் நிலையப் பதிவேட்டை எவ்வளவு புரட்டினாலும் இது தெரியாது. இந்தப் பதிலைப் பெறுவதற்கு ஆய்வுக் குழு கடைப்பிடிக்கும் முறையும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். அவர் தனியாக இருக்கும்போதுதான் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார்கள். பதில் சொன்னதற்காக அந்தப் பெண் அடி வாங்கிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. இந்தக் கேள்விகள் சுமார் 15 சதவீத வீடுகளில் மட்டுமே கேட்கப்படுகின்றன. அதனால் மாவட்ட எண் கிடையாது. யாராவது ‘குடும்ப வன்முறையில் முதல் மாவட்டம்’ என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டினால் நம்பத் தேவையில்லை.

ஆய்வில் விடுபடுவதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. இலங்கையில் 1987 முதல் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் நடந்துவருகின்றன. போரினால் வடக்கும் கிழக்கும் பல சுற்றுகளில் சேர்க்கப்படவில்லை. 2006-07இல் கிழக்கு சேர்ந்தது, வட மாகாணம் வெளியே நின்றது. 25 மாவட்டங்களும் இடம்பெற்றது 2016இல்தான். அந்த முப்பது ஆண்டுகளில் ‘இலங்கையின் குழந்தை இறப்பு’, ‘இலங்கையின் ஊட்டச்சத்து’ என்று உலகம் பாராட்டிய எண்களில், மிக அதிகமாகத் துன்பப்பட்ட தமிழ்ப் பகுதிகளின் தாய்மாரும் குழந்தைகளும் முழுமையாக இடம்பெறவில்லை.

தமிழ்நாட்டில் விடுபடுவது வேறு விதம். ஐந்தாவது ஆய்வு 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளை எடுத்துக்கொண்டது. அதனால் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகிய ஆறு மாவட்டங்களுக்கும் அதில் எண்ணே இல்லை. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைக் குழந்தைகள் விழுப்புரம் மாவட்ட சராசரிக்குள் கரைந்துபோனார்கள். வீடுகளைத் தேர்ந்தெடுக்க அடிப்படையாக இருந்தது 2011 கணக்கெடுப்பு. அன்று கிராமமாகப் பதிவான இடம் இன்று அடுக்குமாடிகளால் நிறைந்திருந்தாலும் ஆய்வில் அது கிராமம்தான். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதன் சேதம் இப்படித்தான் அதற்குப் பின் நடக்கும் ஆய்வுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இனியும் தள்ளிப்போகக் கூடாது என்று அனைத்துக் கட்சிகளும் ஒரே குரலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

செய்ய வேண்டியவை

இந்த எண்களின் கனம் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இந்தியாவில் பல்பரிமாண வறுமை 24.85 சதவீதத்திலிருந்து 14.96 சதவீதமாகக் குறைந்தது, 13.5 கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று நிதி ஆயோக் 2023இல் அறிவித்தது. அந்தக் கணக்கு முழுவதும் நான்காவது, ஐந்தாவது குடும்ப நல ஆய்வுகளின் மேல் கட்டப்பட்டது. ஒரு பெண் தன் சமையல் வேலையை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்ன பதில்கள்தான் கோடிக்கணக்கானோரின் நிலையைத் தீர்மானிக்கும் எண்ணாக வளர்கின்றன. அந்த நேரத்துக்கு மரியாதை செய்யும் விதம், பதிலைச் சரியாகப் படிப்பதும் முழுமையாகப் பயன்படுத்துவதும்.

இந்த ஆய்வுகளின் அலகுவாரித் தரவு, அதாவது பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட தனித்தனிப் பதில்கள், பதிவு செய்துகொள்ளும் ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கிடைத்துவந்தன. உலகெங்கும் உள்ளவர்கள் இந்தியத் தரவையும் பெரும்பாலும் அமெரிக்க நிதியில் இயங்கிய ஒரு பன்னாட்டுத் திட்டத்தின் தளத்திலிருந்து எடுத்தார்கள். 1984 முதல் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆய்வு நடத்த உதவிய திட்டம் அது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியபோது புதியவர்களுக்கான அனுமதியும் தடைபட்டது. இந்தியப் பெண்கள் சொன்ன பதில்களைப் படிக்க வாஷிங்டனின் தயவு வேண்டும் என்ற நிலை தொடரக் கூடாது. எல்லாச் சுற்றுகளின் தரவும் கேள்வித்தாளும் விளக்கக் குறிப்புகளும் இந்திய அரசின் சொந்தக் காப்பகத்தில் தங்குதடையின்றிக் கிடைக்க வேண்டும்.

அடுத்த சுற்று முதல், மாவட்டச் சுருக்க அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் தவறின் எல்லையையும், எத்தனை பேரின் பதிலில் இருந்து வந்தது என்பதையும் அச்சிட வேண்டும். கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அறிக்கைகளின் பின்னிணைப்பில் கிடப்பதை முன்பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. செய்தி நிறுவனங்கள் இந்த எல்லையைக் குறிப்பிடாமல் மாவட்டத் தரவரிசை வெளியிடுவதில்லை என்று தீர்மானிக்கலாம். தமிழகப் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல், சமூகவியல் துறைகள் தமிழ்நாட்டின் 27,900 குடும்பங்களின் தரவைப் பாடமாக வைத்தால், ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் தங்கள் மாநிலத்தைப் பற்றிய உண்மையான கேள்விகளோடு வெளியே வருவார்கள்.

மாநில அரசுக்கு அவசரமான வேலைகள் இரண்டு இருக்கின்றன. பிறப்புப் பதிவேட்டிலிருந்து பாலின விகிதத்தை வட்டாரவாரியாக மாதந்தோறும் எடுத்து வெளியிடுவது ஒன்று. ஆறு புதிய மாவட்டங்களுக்கும், பதில் சொல்ல யாரும் தேடி வராத தொழிலாளர் விடுதிகளுக்கும் மாநிலத்தின் பொருளியல், புள்ளியியல் துறை மூலம் தனி ஆய்வு நடத்துவது இன்னொன்று. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் விடுதிக் கூடங்களில் தூங்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாமல் இருக்கும்வரை, அவர்களுக்கான மருத்துவமும் ரேஷனும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் கிடைக்காது. அந்தக் கணக்கை எடுக்க டெல்லியின் அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்கலாம்.